ஊற்றுத் தடத்தில் ஒரு ஜவ்வாது மலை நடை

வட ஆர்க்காட்டு மலைகளில் நடக்க விரும்பி என்னிடம் வழி கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, தண்ணீரைக் குறிவைத்து ஏறுங்கள் என்பதுதான். உச்சியில் நல்ல காற்று கிடைக்கும், நாலாபுறமும் கண்ணுக்கு எட்டிய தூரம் பார்க்கலாம். ஆனால் இம்மலைகளில் தலைமுறை தலைமுறையாக மனிதர் வாழ்ந்த தடயங்களைக் காண வேண்டுமென்றால் ஊற்றுகளின் ஓரமாகத்தான் போக வேண்டும். சுமைதாங்கி, இறந்த வீரனுக்கு எடுத்த நடுகல், பழங்கால ஈமச் சின்னமான கற்திட்டை, நடுகல்லையே தெய்வமாகக் கும்பிடும் வேடியப்பன் கோயில் என்று மனிதர் கைபட்டு நிற்கும் பழைய கற்களுள் பல, ஏதேனும் ஓர் ஊற்றுக்கோ சுனைக்கோ ஓடைக்கோ கூப்பிடு தொலைவில் இருப்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நடப்பவருக்கு வழி தவறும் அச்சம் குறையும். எங்கே ஒதுங்கி இளைப்பாறலாம் என்பது தெரியும். எதிர்ப்படும் கல் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்பதும் விளங்கும். சென்ற தை மாதம் என் அண்ணன் மகனுடன் ஜவ்வாது மலையில் நடந்தபோது கண்டவற்றையும், இனி நடக்கப் போகிறவர்களுக்கு உதவக் கூடியவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

ஜவ்வாது மலை இன்று வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. மூன்றுமே பழைய வட ஆர்க்காடுதான். 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானது, 2019-இல் திருப்பத்தூரும் இராணிப்பேட்டையும் பிரிந்தன. செய்யாறும் நாகநதியும் பிறப்பது இம்மலையில்தான். மேட்டுநிலத்தில் மலையாளி பழங்குடி மக்கள் சாமை பயிரிட்டு வாழ்கிறார்கள். ஜமுனாமரத்தூருக்குத் தார்ச்சாலை வந்த பிறகு பெரும்பாலோர் பேருந்திலும் இருசக்கர வண்டியிலும் போய் வருகிறார்கள் என்றாலும், சாலைக்கு முந்தைய ஒற்றையடிப் பாதைகள் இன்னும் முற்றிலும் மறையவில்லை. புளி, தேன், கடுக்காய், பலாப்பழம் ஆகியவற்றைத் தலைச்சுமையாகக் கீழே சந்தைக்குக் கொண்டுவந்து, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு அதே நாளில் மேலேறிய மக்களின் பாதைகள் அவை. வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக அமிர்திப் பக்கம் சென்று, அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து அப்படிப்பட்ட ஒரு பாதையில்தான் நாங்கள் ஏறினோம். அந்த ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். அங்குள்ள ஊற்று மிகச் சிறியது, அதன் நீரை நம்பிக் குடிக்கும் வீடுகள் இருக்கின்றன. கூட்டம் கூடினால் ஒரே பருவத்தில் அது பாழாகிவிடும்.

அனுமதியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இம்மலையின் பெரும்பகுதி காப்புக்காடு. வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி பெறாமல் காட்டுப்பாதையில் கால் வைக்கக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இளைஞர்களும் இளம்பெண்களும் மாண்டுபோனதை நாம் மறந்துவிடலாகாது. அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. கோரைப்புல்லும் மூங்கிலும் காய்ந்து கிடக்கும் மாசி, பங்குனி மாதங்களில் வனத்துறை அனுமதி மறுத்தால் அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. தமிழ்நாடு அரசு 2024-இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. திருப்பத்தூர் மாவட்டத்துப் பாதைகளும் அவற்றுள் உண்டு. முதன்முறையாக நடக்கிறவர்கள் வனத்துறையின் வழிகாட்டியோடு அப்படிப்பட்ட பாதையில் தொடங்குவதே நல்லது.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் மலைமேல் உள்ள மேலூரைச் சேர்ந்த மலையாளிப் பெரியவர் ஒருவர். வயது எழுபதை நெருங்கியிருக்கும், கையில் ஒரு கொடுவாளும் தோளில் ஒரு துண்டும் தவிர வேறெதுவும் கொண்டுவரவில்லை. ஏறத் தொடங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “ஏறும்போது பேச்சு வேணாம்மா. பேசணும்னா உக்காந்து பேசிக்கலாம்” என்பது. பேசிக்கொண்டே ஏறுகிறவர் வாயால் மூச்சு வாங்குவார், நா வறளும், கையிலுள்ள தண்ணீர் பாதி மலைக்குள் தீர்ந்துவிடும். மூக்கால் மூச்சுவிட முடிகிற வேகமே சரியான வேகம் என்று அவர் நடையைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

எங்கே உட்காரலாம் என்பதையும் அப்பாதையே சொல்லியது. செங்குத்தான ஏற்றம் ஒன்று முடிந்து தரை சற்றே சமமாகும் இடத்தில், ஒரு புங்கமரத்தடியில், இரண்டு கல் தூண்களும் அவற்றின் குறுக்கே ஒரு நீளக் கல்லுமாக ஒரு சுமைதாங்கி நிற்கிறது. என் நெஞ்சுக்குச் சற்று மேலான உயரம். தலையில் மூட்டையோடு வருகிறவர் குனியாமலும், இன்னொருவர் கை கொடுக்காமலும், அப்படியே முன்னால் தள்ளி இறக்கவும், பிறகு அதே போல் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற அளவு அது. குறுக்குக் கல்லின் முன்விளிம்பு மட்டும் மற்ற பக்கங்களைப் போலச் சொரசொரப்பாக இல்லாமல், உள்ளங்கையை வைத்தால் வழுக்கும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. எத்தனை ஆண்டுகளின் புளி மூட்டைகளும் விறகுக் கட்டுகளும் உராய்ந்த தேய்மானம் அது என்று நினைத்தபடி நீண்ட நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தேன். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி வைப்பது தமிழ்நாட்டில் பல பகுதிகளிலும் இருந்த வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்கு ஈடாக, வழிப்போக்கர் சுமை இறங்கட்டும் என்பது அதன் எண்ணம். இந்தக் கல்லிலும் எழுத்து எதுவும் இல்லை. யாருக்காக நட்டது என்று பெரியவருக்கும் தெரியவில்லை.

பழைய பாதையில் நடக்கிறவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. சுமைதாங்கி நிற்கும் இடம், சுமையோடு ஏறுகிற ஒருவருக்கு இளைப்பாறல் கட்டாயம் தேவைப்படுகிற இடம். மேலே இன்னும் தெம்பிருக்கிறது என்று அதைக் கடந்து போக வேண்டாம். முதுகுப்பையை இறக்கி வைத்து, காலணியைக் கழற்றிப் பாதத்தைப் பார்த்து, இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுவது நல்லது. அங்கே உட்கார்ந்தபோதுதான் என் அண்ணன் மகனின் குதிகால் சிவந்திருப்பதைக் கண்டோம். அப்போதே பிளாஸ்திரி ஒட்டியதால் கொப்புளம் வராமல் தப்பினான். கொப்புளம் கிளம்பிய பிறகு ஒட்டும் பிளாஸ்திரியால் அதிகப் பயனில்லை.

சுமைதாங்கியிலிருந்து சற்று மேலே போனால் ஊற்று வருகிறது. முதலில் காதில் விழுந்தது தண்ணீர் அல்ல, தவளைச் சத்தம். ஒரு பெரிய அத்திமரத்தின் வேர்கள் பாறையைக் கவ்விப் பிடித்திருக்கும் இடத்தில், விரல் நுழையக்கூடிய வெடிப்பு ஒன்றிலிருந்து நீர் கசிந்து, முறத்தளவே அகலமான ஒரு குழியில் நிறைகிறது. குழியைச் சுற்றிக் கைப்பிடிக் கற்களை மண் பூசாமல் அடுக்கியிருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் அடியில் வெண்மணல், அந்த மணலின் ஒரே ஓர் இடத்தில் துகள்கள் ஓயாமல் மேலெழும்பி விழுந்துகொண்டிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் வெடிப்பைத் தவிர அடியிலிருந்தும் நீர் வருகிறது என்பதற்கு அதுவே சாட்சி. கல்லிடுக்கில் ஒரு சிறு நண்டு எங்களைக் கண்டதும் பக்கவாட்டில் நழுவி மறைந்தது. குழி நிறைந்து வழியும் நீரைப் பிளந்த மூங்கில் தப்பை ஒன்று ஏந்திக் கீழே விடுகிறது. அங்கே துணி துவைக்க ஒரு கல். அதற்கும் கீழே மாடுகள் குடிக்க ஒரு குட்டை. அதிலிருந்து வழிவது ஒரு துண்டு நெல்வயலுக்குப் போகிறது. குடிநீர், புழங்குநீர், மாட்டுக்கு, பயிருக்கு என்று மேலிருந்து கீழாக வகுத்த இந்த ஒழுங்குக்குப் பலகையும் இல்லை, காவலும் இல்லை, ஊரே காக்கிறது.

தாகத்தோடு வந்த என் அண்ணன் மகன் போத்தலைக் குழிக்குள் அமிழ்த்தப் போனான். பெரியவர் அவன் மணிக்கட்டைப் பிடித்து, “குழியில கைய விடாத தம்பி. வழிஞ்சு வர்றதப் புடி. கீழ வீட்டுக்காரங்களும் இதத்தான் குடிக்கணும்” என்றார். “சரிங்க தாத்தா” என்று அவன் தப்பையின் முனைக்குப் போனான். மலை ஊற்றுகளுக்குப் போகிற எவரும் இதைக் கைக்கொள்ள வேண்டும். குழிக்குள் கையோ பாத்திரமோ போனால் நம் உடம்பின் வியர்வையும் அழுக்கும் அதில் கலக்கும், அடிமண் கலங்கும். சோப்பும் ஷாம்பும் ஊற்றின் பக்கமே வரக் கூடாது. குளிக்க வேண்டுமென்றால் குடத்தில் பிடித்துக்கொண்டு தள்ளிப் போய்க் குளிக்கலாம்.

இந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொண்டால் அதை எப்படி நடத்துவது என்பதும் தானே விளங்கும். ஜவ்வாது மலை பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட் வகைப் பாறைகளால் ஆனது. பாறை கெட்டியானது, தனக்குள் நீரை உறிஞ்சாது. ஆனால் அதன் மேல் காலங்காலமாகச் சிதைந்து உதிர்ந்த மண்ணும் பரலுமான அடுக்கு ஒன்று போர்த்தியிருக்கிறது. அதுதான் மழையைக் குடித்து வைத்துக்கொள்கிறது. சரிவில் இறங்கும் அந்த நீர், கெட்டிப் பாறை மேலெழும் இடத்தில் தடுக்கப்பட்டு, வெடிப்பு வழியே வெளியே வருகிறது. வட ஆர்க்காட்டுக்குத் தென்மேற்குப் பருவமழையும் ஓரளவு நன்றாகவே கிடைக்கிறது, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. ஆகவே மார்கழி, தை மாதங்களில் ஊற்றுகள் நிறைந்திருக்கும், வானமும் தெளிந்திருக்கும். இம்மலையில் நடக்க அதுவே உகந்த காலம். மேலே உள்ள மரங்களை வெட்டி மண் அரிக்கப்பட்டால் கீழே ஊற்று வற்றுவதற்கு வேறு காரணமே வேண்டாம். நாகநதியின் ஓடைகளில் நூறு நாள் வேலைத் திட்டத்துப் பெண்கள் நீர்செறிவூட்டும் கிணறுகளும் தடுப்புகளும் அமைத்துச் செய்தது, ஓடிப்போகும் மழையை நிறுத்தி நிலத்துக்குள் இறக்கும் அதே வேலையைத்தான்.

ஊற்று வேறு, சுனை வேறு என்பதையும் நடப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். காட்பாடியை அடுத்த வள்ளிமலையில் பாறைக் குழிகளில் நிற்கும் சுனைகளைப் பார்க்கலாம். வெயில் படாத சுனை என்று பக்தர்கள் காட்டும் சுனையும் அங்கே உண்டு. கங்க மன்னன் இராசமல்லனின் கல்வெட்டோடு கூடிய சமணர் குகையும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் அதே மலையில்தான் இருக்கின்றன. மழையில்லாத மாதங்களில் துறவிகள் மலைமேல் தங்கியதற்குச் சுனைகளே ஆதாரம். ஆனால் சுனையில் இருப்பது தேங்கிய நீர். குரங்கும் பறவையும் அதில் இறங்கும், பாசி படரும். சுனை நீரைக் காய்ச்சாமல் குடிக்கவே வேண்டாம். ஓடும் ஊற்று நீர் தெளிவாகத் தெரிந்தாலும், மேட்டில் மாடு மேயும் இடமானால் அதையும் நம்ப முடியாது. மலையில் பிறந்து வளர்ந்தவருக்கு ஒத்துக்கொள்ளும் நீர் நமக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. நான் ஆளுக்கு மூன்று லிட்டர் கீழிருந்தே கொண்டுபோவேன். வழியில் பிடிக்கும் நீரைக் குளோரின் மாத்திரை போட்டு அரைமணி நேரம் வைத்த பிறகே குடிப்போம்.

ஊற்றுக்கு மேற்கே, பார்வைக்கு எட்டும் தூரத்தில், ஒரு வேப்பமரத்தின் கீழ் நடுகல் ஒன்று இருந்தது. இடுப்பளவு உயரப் பலகைக் கல்லில், ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளுமாக ஒரு வீரன். முகம் முற்றிலும் தேய்ந்துவிட்டது, கொண்டை மட்டும் பக்கவாட்டில் தெளிவாகத் தெரிகிறது. ஊரார் அதை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். செங்கம், திருப்பத்தூர்ப் பக்கங்களில் நடுகற்களுக்கு இந்தப் பெயரே வழங்குகிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் தனித் தொகுதியாக வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர்க் கல்லை நான் மிகவும் நேசிக்கிறேன். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில், மாட்டுக் கூட்டத்தைக் காக்கப் போரிட்டு இறந்த வீரனுக்காக எடுத்த கல் அது. அவனுடைய நாய் கோவிவன் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று அந்த நாய்க்கும் கல்லில் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆநிரை கவர்வதும் மீட்பதுமே அக்காலத்துப் போர் என்றால், போர் நடந்தது மாடு நீர் குடிக்க வருகிற இடங்களை ஒட்டித்தான் இருந்திருக்கும் என்று நான் எண்ணுகிறேன். வீரனுக்குக் கல் நடும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று தொல்காப்பியம் ஆறாக வகுக்கிறது. தேர்ந்தெடுத்த கல்லை நீராட்டிய பிறகுதான் நட வேண்டும். ஆகவே நடுகல்லைக் கண்டால் பக்கத்தில் நீர் தேடுவதும், பழைய ஊற்றைக் கண்டால் பக்கத்தில் கல் தேடுவதும் எனக்குப் பழக்கமாகிவிட்டது. பலமுறை இரண்டும் கிடைத்திருக்கின்றன.

எழுத்துள்ள கல்லைக் கண்டால் சுண்ணக்கட்டியாலோ மாவாலோ எழுத்தின் மேல் தீட்டிப் படிக்க வேண்டாம். கோடு சற்று விலகினாலும் பின்னால் வருகிறவர் தவறாகப் படிப்பார், கல்லும் கெடும். காலையிலோ மாலையிலோ சாய்வெயிலில் பார்த்தால் எழுத்து தானே எழுந்து நிற்கும். நடுப்பகலானால் கல்லைக் குடையால் மறைத்து, கைபேசி விளக்கைக் கல்லின் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் அடித்தால் போதும். எனாமல் பெயிண்ட் பூசிய நடுகற்களைக் காணும்போது மனம் வலிக்கிறது. ஆனால் அன்போடு பூசியவர்களிடம் சண்டை பிடிக்கக் கூடாது. எண்ணெயும் மஞ்சளும் போதும், அதுவே நம் முன்னோர் வழக்கம் என்று ஊர்ப் பெரியவர்களிடம் பணிவாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

அன்றிரவு மேலூரில் தங்கிச் சாமைச் சோறும் கீரைக் குழம்பும் சாப்பிட்டோம். மறுநாள் ஜமுனாமரத்தூர் போய், அங்கிருந்து கீழ்செப்பிலியின் கற்திட்டைகளைப் பார்த்தோம். நாற்புறமும் பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெரும்பலகையை மூடியாக வைத்த ஈமச் சின்னங்கள் அவை, இரும்புக் காலத்தவை. ஒருபக்கப் பலகையில் வட்டமாக ஒரு துளை. இத்தகையவற்றைக் குள்ளர் வீடு என்றும் பாண்டவர் வீடு என்றும் தமிழகத்தின் பல ஊர்களில் சொல்வார்கள். இம்மலைப் பாறை வெங்காயச் சருகு போலப் படலம் படலமாக உரியக் கூடியது. அப்படி உரிந்த பலகைகளே இவ்வளவு சீராக அமைந்திருக்கின்றன என்பது அருகிலுள்ள பாறைச் சரிவைப் பார்த்ததும் புரிந்தது. சில திட்டைகளின் அடியைப் புதையல் ஆசையில் யாரோ தோண்டியிருக்கிறார்கள். அவற்றுள் கிடைக்கக் கூடியவை எலும்புத் துண்டுகளும், கருப்பு சிவப்புப் பானையோடுகளும், இரும்புத் துண்டுகளும்தான். மண்ணுக்குள்ளிருந்து பழம்பொருள் எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டமே சொல்கிறது. திட்டையின் துளைக்குள் கையையோ தலையையோ நுழைக்க வேண்டாம். சுருட்டை விரியன் விரும்பித் தங்கும் இடம் அதுவே. பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மேட்டுநிலத்தில் பல இடங்களில் கைபேசி அலைவரிசை கிடைக்காது என்பதால், எந்த ஊரில் ஜீப் இருக்கிறது என்பதை ஏறும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாறை முகப்புகளில் பெருந்தேனீக் கூடுகள் தொங்கும். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகக் கூடாது, அருகில் புகை போடக் கூடாது, சத்தமும் கூடாது. கரடி நடமாட்டம் உள்ள காடு இது; விடியும் முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் நடக்க வேண்டாம்.

பாம்புக்கும் கரடிக்கும் அஞ்சுகிறவர்கள் பலர் உண்ணிக் காய்ச்சலைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. ஸ்க்ரப் டைஃபஸ் எனப்படும் இக்காய்ச்சல் வேலூர் வட்டாரத்தில் நன்கு வேரூன்றிய ஒன்று. மழைக்காலத்தின் பின்பகுதியிலும் பனிக்காலத்திலும், அதாவது நாம் நடக்க விரும்பும் அதே மாதங்களில், அதிகமாகக் காணப்படுகிறது. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் வருவது இது. கடித்த இடம் வலிக்காது, அரிக்காது. சிலருக்கு அங்கே சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு ஒன்று தோன்றும். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில் இருப்பதால் பலரும் கவனிப்பதில்லை. முழுக்கைச் சட்டையும் நீளக் கால்சட்டையும் அணிந்து, கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். புல்லில் அப்படியே உட்காராமல் விரிப்புப் போட்டு உட்கார வேண்டும். வீடு திரும்பியதும் தேய்த்துக் குளித்து, உடுத்திய துணிகளை வெந்நீரில் துவைத்துவிட வேண்டும். பத்து நாள் அளவில் காய்ச்சலும் கடுமையான தலைவலியும் வந்தால், சாதாரணக் காய்ச்சல் என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். மலைக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் தாமாகவே சொல்லுங்கள். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் என்ற எளிய மருந்தே குணப்படுத்திவிடும். தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும்.

இறங்கும்போது முழங்காலுக்குத்தான் வேலை. கையில் ஒரு மூங்கில் தடி வைத்துக்கொண்டு, குதிகாலை முதலில் ஊன்றாமல் பாதம் முழுவதையும் பதித்து இறங்குவது நல்லது. நடக்க முடியாதவர்கள் ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கோ திருப்பத்தூருக்கோ பேருந்தில் இறங்கிவிடலாம். வழிகாட்டியாக வந்த பெரியவருக்கு ஒருநாள் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அவர் வீட்டுச் சாமையும் மலைத்தேனும் விலைக்கு இருந்தால் அங்கேயே வாங்குங்கள். புதிதாக ஒரு நடுகல்லைக் கண்டால் அது நிற்கும் இடத்தையும், எந்தத் திசை நோக்கி இருக்கிறது என்பதையும், பக்கத்திலுள்ள நீர்நிலையையும் குறித்துப் படத்தோடு தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். சாலை அகலப்படுத்தும்போது இயந்திரம் முதலில் பெயர்த்துப் போடுவது பாதையோரச் சுமைதாங்கிகளைத்தான் என்பதால், அவற்றையும் விடாமல் அந்தக் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.